குளிர்ந்த பிறகு

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும் என்கிறது கையேடு.
சிலோயே தீவில் அது ஒரு பிரச்சினையே இல்லை.
ஜூலை மழை மூன்று நாளாகத்
தகரக் கூரையை விட்டு இறங்கவில்லை.
படகு பழுது பார்க்கும் கொட்டகையில் ஓரமாக இடம் தந்தாள்
ஃபிளோரிந்தா சிகுவாய்.
வாடகை, அவள் பம்புசெட்டுக்கு ஒரு பிளக்.

காஸ்த்ரோ ஷோரூமில் எண்பதாயிரம் பேசோ கேட்டார்கள்.
அதில் இரண்டு டயர் வாங்கலாம்,
மீதியில் மழைக்கோட்டுக்கு ஜிப் தைக்கலாம்.
என் பிழைப்பு அப்படி:
கெம்ச்சி, கிகாவி, தெனாவுன் என்று
ஊர் ஊராக ரத்தக் குப்பிகளை வாங்கிப் பெட்டியில் வைத்து
பன்னிரண்டுக்குள் ஆஸ்பத்திரி லேபில் சேர்க்க வேண்டும்.
யாருடைய சர்க்கரை, யாருடைய கர்ப்பம்,
எனக்குத் தெரியாது.
குலுங்கக் கூடாது, அவ்வளவுதான் தெரியும்.

டேங்கை இறக்கினேன்.
தலையில் இரண்டு மூடி, இடுப்பில் இரண்டு மூடி.
பெரிய துளையில் பதினேழாம் நம்பர் சாக்கெட்டை விட்டு
கடிகாரத்துக்கு எதிராக மெல்லத் திருப்பினால்
சின்னத் துளையில் ஒரு கோடு எட்டிப்பார்க்கும்.
பார்த்தது.
போன வருஷம் இங்கேதான் ஏமாந்தேன்.
பிஸ்டன் உச்சிக்கு இரண்டு முறை வரும்,
ஒருமுறை மூச்சை விட்டபடி,
ஒருமுறை மூச்சைப் பிடித்தபடி.
பிடித்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.
இன்னொரு முழுச் சுற்று.

இன்டேக் ராக்கர் விரலுக்கு டிக் டிக் என்றது.
எக்ஸாஸ்ட் அசையவில்லை.
ஃபீலர் கேஜில் புள்ளி ஒன்று இரண்டு நுழையவில்லை,
புள்ளி பூஜ்யம் எட்டு நுழையவில்லை,
வெங்காயச் சருகைவிட மெலிந்த
புள்ளி பூஜ்யம் ஐந்து
மடங்கிக்கொண்டது.

"சத்தமே இல்லையே, தையல் மிஷின் மாதிரி ஓடுதே" என்று
போன வாரம் படகுத்துறையில் மெச்சினார்
டிக்கெட் கிழிக்கிற ஒசியேல்.
நானும் பூரித்துப் போனேன், முட்டாள்.
தளர்ந்த வால்வு தட்டிக்கொண்டே கிடக்கும்,
ஊருக்கே கேட்கும், லேசில் சாகாது.
இறுகினது தட்டாது.
முழுசாய் மூடவும் முடியாமல்
மயிரிழை திறந்தபடி
நெருப்பை நக்கிக்கொண்டேயிருந்து
ஒருநாள் விளிம்பு தீய்ந்துபோகும்.

லாக் நட்டைத் தளர்த்தி, திருகைக் கால் சுற்று விட்டேன்.
இலை நுழைந்தது, வழுக்கிக்கொண்டு அல்ல,
ஈரப் புத்தகத்திலிருந்து ரூபாய் நோட்டை உருவுகிற மாதிரி.
நட்டை இறுக்கினால் திருகும் கூடவே திரும்புகிறது.
மறுபடி.
மறுபடியும்.
ஸ்பானருக்கு ஒரு கை, திருகுக்கு ஒரு கை,
இலைக்கு ஒரு கை.
பல்லில் டார்ச்.

மார்ச்சில் சால்மன் கூண்டு வேலை போனதும்
என் பின்னறைக்கு வந்துவிட்டான் அண்ணன் எலியேசர்.
ஒரு தொல்லையும் இல்லை என்றுதான்
எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.
தட்டைக் கழுவி வைக்கிறான்,
கதவைச் சாத்தினால்கூடக் கேட்காது.

கை திருகின் மேலேயே நின்றுவிட்டது.

மழையில் குறுக்கே ஓடிக் கதவை இடித்தேன்.
"டார்ச் பிடிக்க ஆள் வேணும்."

வந்தான், சாக்ஸோடு, ஷூ இல்லாமல்.
வெளிச்சம் விழவேண்டிய இடத்தில் விழவேயில்லை.
இடப்பக்கம், என்றேன்.
இன்னும், என்றேன்.
உன் இடப்பக்கம் இல்லைடா, என் இடப்பக்கம்!
கத்தினேன்.
அவனும் திருப்பிக் கொடுத்தான்,
ஐந்து மாதத்தில் முதல் வசவு,
பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்து, முழு நீளத்தில்.
நம் இருவருக்கும் ஒரே பாட்டன்தான் என்றேன்.
டார்ச் கொஞ்சம் குலுங்கியது.

இரண்டு சுற்று சுற்றி இன்னொரு தடவை அளந்தோம்.
ஓ-ரிங்கில் எண்ணெய் தடவி மூடினோம்.
கிக்கரை அவன்தான் உதைத்தான்.
மூன்றாவது உதையில் பிடித்து
மேலே மெலிசாய்த் தட்டத் தொடங்கியது.

"ஏதோ சத்தம் வருதே?"
"வரட்டும்."

ஒன்பதாம் நம்பர் ஸ்பானரை மட்டும் காணவில்லை.
நீதான் வைத்தாய் என்று நானும்
நீதான் தொலைத்தாய் என்று அவனும்
தேடிக்கொண்டிருக்கிறோம் இன்னும்.
காலையில் முதல் குப்பி கிகாவியில், ஏழரைக்கு.